கதியா, வேகமா? இப்னுல் ஹைதமிடம் போய்ப் படித்த பாடம்

கண்டியில் தமிழ்மொழி மூல உயர்தர மாணவர்களுக்கு நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் மாதத்திலேயே ஒரே இடத்தில்தான் சறுக்குகிறோம். அக்குறணையிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் சராசரி வேகம் பூச்சியம் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பட்ட பாடெல்லாம் பூச்சியமா என்று கேட்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சி இல்லை. கதிக்குத் திசை தேவையில்லை, வேகத்துக்குத் தேவை. (இந்தியப் பாடநூல்களில் நமது கதிதான் வேகம், நமது வேகம் திசைவேகம். யூடியூபில் படிக்கும் பிள்ளைகள் குழம்ப இதுவும் ஒரு காரணம்.)

கடந்த வருடம் ஒரு மாணவி கணிதப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்கு மாறப்போவதாகச் சொன்னாள். சூத்திரங்கள் எல்லாம் அவளுக்குப் பாடம். ஆனால் ஒரு வேகத்தை ஏன் இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்று அவள் முன்பு கேட்டபோது, பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லி நான் வாயை அடைத்திருந்தேன். அது மனதை உறுத்தியது. அன்றிரவுதான் இப்னுல் ஹைதமின் வரலாற்றை ஒழுங்காகப் படித்தேன். மீலாத் மேடைகளில் அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறோம். அவர் செய்தது என்ன என்று கேட்டால், நான் உட்பட, பலரிடம் பதில் இல்லை.

965 அளவில் பஸ்ராவில் பிறந்தவர். நைல் நதியின் நீரைக் கட்டுப்படுத்த வழியுண்டு என்று அவர் சொன்னது எகிப்தை ஆண்ட ஃபாத்திமி கலீஃபா அல்ஹாகிமின் காதுக்கு எட்ட, அழைப்பு வந்தது. அஸ்வான் பக்கம் வரை போய்ப் பார்த்தார். முடியாது என்று விளங்கியது. அதன்பின் கலீஃபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம்போல் நடித்து, 1021இல் கலீஃபாவின் காலம் முடியும்வரை வீட்டில் அடைபட்டிருந்தார் என்று இப்னுல் கிஃப்தி எழுதிவைத்திருக்கிறார். இந்த நடிப்புக் கதையை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. எனக்கோ, முடியாததை முடியாது என்று கண்டுகொண்ட இடமே பெரிதாகத் தெரிகிறது. பின்னர் அல்அஸ்ஹர் அருகே தங்கி, யூக்லிட், தொலமி நூல்களைப் பிரதி எழுதிச் சீவித்தார். 1040 அளவில் கெய்ரோவில் வபாத்தானார்.

அவருடைய கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்கள் கொண்டது. இருட்டறையின் துவாரத்தைத் திறந்தால் ஒளி சுவரை அடையக் கொஞ்சமாவது நேரம் எடுக்கும், நமக்குத்தான் அது தெரிவதில்லை என்று வாதிட்டார். ஒளிக்கு வேகம் உண்டு என்பதுதான் இதன் பொருள். ரோமர் வியாழனின் துணைக்கோளைக் கவனித்து அதற்குச் சான்று தந்தது 1676இல்தான். தண்ணீர் போன்ற அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகப் போகும் என்றும் அவர் சொன்னார். சாய்வாக வரும் ஒளியின் அசைவைப் பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, பரப்போடு ஒன்று என இரண்டாகப் பிரித்தார். இரண்டும் ஒரே அளவில் தடுக்கப்படாததால் திசை மாறுகிறது என்பது அவர் விளக்கம். முறிவின் சரியான விதி அவருக்குக் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த வகுப்பில் மகாவலியைக் கடக்கும் படகொன்றைப் பலகையில் வரைந்தேன். நேர் எதிர்க்கரையைப் பார்த்து வலித்தாலும் ஆறு பக்கவாட்டில் இழுக்கும். கரை சேரும் நேரத்தை முதல் கூறு தீர்மானிக்கும், எங்கே கரை சேரும் என்பதில் ஆற்றின் கூறும் சேரும். பிறகு படகை அழித்து, அதே இடத்தில் ஒளிக்கதிரை வரைந்தேன்.

அந்த மாணவி கையை உயர்த்தினாள். தண்ணீருக்குள் மெதுவான ஒளி, வெளியே வந்ததும் மறுபடி பழைய வேகத்துக்கு வருகிறதே, சேர், அதைத் தள்ளிவிடுவது யார் என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்றேன். அடுத்த கிழமை முதல் வாங்கில் அவள் உட்கார்ந்திருந்தாள்.