வணிக வழக்கில் விளைந்த அகிம்சை

1888இல் இலண்டன் புறப்படுமுன், பெச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் புலால், மது, மகளிர் மூன்றையும் தீண்டுவதில்லை என நோன்பேற்றார் மோகன்தாஸ் காந்தி. 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்று, அடுத்த மாதம் பம்பாய் திரும்பினார். அங்கே வைர வணிகரும் சமண ஞானியுமான ஸ்ரீமத் ராஜசந்திரரின் நட்புக் கிட்டியது. தொழில்தான் கைவரவில்லை, முதல் வழக்கிலேயே நாவெழாது அமர்ந்துவிட்டார்.

அவருக்குத் தொழில் பயிற்றியது தென்னாப்பிரிக்கா. 1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் 40,000 பவுன் வழக்கிற்குத் துணைபுரியப் பிரிட்டோரியா சென்றார். வழக்கு முழுதும் கணக்குப் பற்றியது. அவரோ கணக்கியல் அறியாதவர். நூல் வாங்கிப் பயின்றார். குசராத்திக் கடிதங்களை மொழிபெயர்த்து ஆராய்ந்தார். நியாயம் தம் கட்சிக்காரர் பக்கமே எனத் தெளிந்தார். ஆயினும் வழக்கு நீண்டால் உறவினரான இரு வணிகரும் அழிவர் என்றஞ்சி, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இசைவித்தார்.

அப்துல்லா வென்றார். ஏறத்தாழ 37,000 பவுனை ஒருசேரக் கேட்டால் தையப் சேட் நொடித்துப்போவார். ஆகவே நெடுந்தவணைக்கு அப்துல்லாவை உடன்படுத்தினார் காந்தியடிகள்; அதுவே அவருக்கு அரிய பணியாயிற்று. வென்றவர் காட்டிய பொறையால் தோற்றவர் மானம் பிழைத்தது.

நகரத்தார்மலை என்னும் வணிகர் பெயரையும், சமணர் குடகு என்னும் நம் முன்னோர் நினைவையும் ஒருங்கே தாங்குவது நார்த்தாமலை. அதன் அடியில் கூடும் நமக்கு இவ்வரலாறு அயலதன்று.