மேரி கார்ப்பெண்டர் அம்மையார்

தவறு செய்த சிறுவனைச் சிறையில் அடைப்பதா, பள்ளியில் சேர்ப்பதா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் மேரி கார்ப்பெண்டர் அம்மையார்.

1807இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில், சமயப் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். வளர்ந்தது பிரிஸ்டல் நகரில். 1833இல் அங்கு வந்த இராஜாராம் மோகன்ராயை அவர் அறிந்தார். அப்பெரியார் அவ்வாண்டே அந்நகரில் மறைந்தார். அவரால் விளைந்த இந்தியப் பற்று அம்மையாரின் உள்ளத்தை விட்டு மறையவில்லை.

அந்நாளில் ரொட்டி திருடிய சிறுவனும் பழந்திருடனும் ஒரே சிறையில் கிடந்தார்கள். உள்ளே போனவன் சிறுவன். வெளியே வந்தவன் தேர்ந்த திருடன்! இக்கொடுமை கண்டு அம்மையார் வாளாவிருக்கவில்லை. 1846இல் ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1851இல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி நூல் எழுதினார். மறு ஆண்டே கிங்ஸ்வுட்டில் அத்தகைய பள்ளியை நிறுவிக் காட்டினார். 1854இல் சிறுமியர்க்கென ரெட் லாட்ஜ் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தையின் மனம் இசையாமல் எத்திருத்தமும் நிலைக்காது. அடியினால் மனம் இசையாது, அன்பினாலும் உழைப்பினாலுமே இசையும் என்பது அவர் கொள்கை.

அவ்வாண்டே சட்டமும் வந்தது. ஆயினும் அதில் ஒரு முள் இருந்தது. பள்ளிக்கு அனுப்புமுன் 14 நாட்களாவது சிறை! முதலில் தண்டனை, பிறகே திருத்தம் என்றனர் ஆட்சியாளர். அம்மையார் அதனை எதிர்த்தார். அந்த முள் முற்றிலும் நீங்கியது 1899இல். அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்!

1866இல், 59ஆம் வயதில், இந்தியாவுக்குக் கப்பலேறினார். நான்கு முறை வந்தார், சென்னையையும் கண்டார். பெண் கல்விக்கும் சிறைச் சீர்திருத்தத்துக்கும் அரசிடம் வாதாடினார். 1876இல் இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. 1877இல் அவர் பிரிஸ்டலில் காலமானார். பத்தாண்டு கழித்துச் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி எழுந்தது.

இன்று சிறுவரைச் சிறையிலோ காவல் நிலையக் கொட்டடியிலோ வைக்கலாகாது என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். நம் பெங்களூரிலும் அவர்களுக்கெனக் கூர்நோக்கு இல்லம் உண்டு. ஆனால் வெளியே வரும் இளைஞனுக்கு வேலை தருவது யார்? வாடகைக்கு அறை தருவது யார்? பழைய பெயர் சொல்லி நாம் விரட்டினால், பழைய கூட்டாளிகள் கைநீட்டி அழைப்பார்கள். மாணவ நண்பர்களே! நாளை தொழில் நடத்தப் போகிறவர்கள் நாம். நம் வாயிலில் அவன் வந்து நிற்கும்போது கதவைத் திறப்போமா?