முள் தைத்தும் வலிக்காத கை

ரோஜா பறிக்கும் கையில் முள் தைக்கிறது, இரத்தம் கசிகிறது, கைக்குரியவனோ சிரித்துப் பேசியபடியே அடுத்த செடிக்குப் போகிறான்! நம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் இப்படி ஒருவனைக் கண்டால் என்ன சொல்வோம்? உரமேறிய கை என்போம், உழைப்பாளி என்போம். டாக்டர் பால் பிராண்ட் கண்டிருந்தால், அவனை நிறுத்தி, உடலில் எங்கேனும் தேமல் உண்டா என்று தேடியிருப்பார்.

வெள்ளைக்காரர்தான், ஆனாலும் நம் மண்ணில் பிறந்தவர். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார்.  ஒன்பது வயதில் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பினர். 1929-இல் தந்தை காய்ச்சலுக்கு இரையாகி மலையிலேயே மாண்டார். மகன் இலண்டனில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. அவர் யாரைத் தொழுதார் என்பதல்ல நம் கேள்வி; யாரைத் தொட்டார் என்பதே கேள்வி!

அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். மடங்கிச் சுருண்ட விரல்களோடு நின்ற நோயாளி ஒருவரிடம், தம் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார். பிடித்த பிடியில் மருத்துவருக்கே வலித்தது! செத்த கைக்கு இத்தனை வலிவா? அங்கேதான் பொறி தட்டியது. சில நரம்புகள் கெட்டிருக்கின்றன. முன்கைத் தசைகளோ உயிரோடிருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைத்தால்? தைத்தார், மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன!

அப்படியானால் விரல் ஏன் குறைகிறது? அழுகி உதிர்கிறது என்றது ஊர். முற்பிறவிப் பாவம் என்றது பழமை. இது கிருமியின் வேலை என்று நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டறிந்தும், பழி நோயாளியின் தலையில்தான்! நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும்: 1954-இல் வெளிவந்த ‘இரத்தக் கண்ணீர்’ படத்தில் நடிகவேள் இராதாவின் குரலுக்கு இன்றும் கைதட்டுகிறோம், ஆயினும், ஒழுக்கக்கேட்டின் கூலி இந்நோய் என்ற எண்ணத்தை அந்தக் கதை ஊட்டியதை மறைப்பதற்கில்லை.

பிராண்ட் நம்பவில்லை, காத்திருந்து பார்த்தார். துருப்பிடித்த பூட்டை அவர் திறக்க முடியாமல் நின்றபோது, சிறுவன் ஒருவன் வந்து எளிதாகத் திருகினான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்கோ தெரியவில்லை! இரவில் உறங்கியவர்களின் விரல்களை எலி கடித்தது, எவரும் விழிக்கவில்லை. பூனை வளர்க்கச் சொன்னார் மருத்துவர். ஆம், பூனையும் அங்கே மருந்துதான்! சதையைத் தின்றது நோயல்ல. வலி என்னும் காவற்காரன் இல்லாத வீட்டில் சூடும் முள்ளும் எலியும் புகுந்தன. புண்பட்ட பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்ததும் இந்த அறிவால்தான்.

நேராக்கிய கையோடு வீடு சென்றவர்கள் சிலர் திரும்பி வந்தனர். கோணல் கைக்குக் காசு விழுந்தது; நேரான கைக்குப் பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை! நெஞ்சைச் சுட்டது அந்தச் சேதி. கல்லூரி வளாகத்திலேயே குடில்கள் எழுப்பி மரவேலை கற்பித்தார்கள். 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. 1966-இல் அவர் அமெரிக்கா சென்றார், 2003-இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய நாளில் இல்லாத கூட்டு மருந்து 1981 முதல் உண்டு. வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சியில்லை, முழங்கையில் தடித்த நரம்பு, மரத்துப்போன விரல். இவையே அடையாளம். வலிக்காததால் நாட்கள் நழுவுகின்றன. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; ஆறு மாதம் அல்லது ஓராண்டு. மருந்தைத் தொடங்கினாலே பரவும் ஆற்றல் விரைவில் அற்றுப்போகும். 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை 2016-இல் நீக்கினர்; இந்நோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழியை 2019-இல் அடைத்தனர். ஆனாலும் ஓசூர்ப் பட்டறையில் இயந்திரத்தோடு நிற்கும் தோழன் வேலை போகுமென்று அஞ்சிச் சட்டைக்குள் தேமலை மறைத்தால், அந்தச் சட்டங்கள் அவனை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அஞ்சாதவர் எவருமில்லை. இலண்டனில் ஓரிரவு, நெடும்பயணக் களைப்போடு காலுறையைக் கழற்றிய பிராண்டுக்குக் குதிகால் மரத்திருந்தது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்று, மனைவி மக்களை எண்ணி இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலித்தது! இரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் மரத்த கால்தான் அது. ஊசி குத்திய வலியில் கத்திவிட்டு, மகிழ்ச்சி தாளாமல் அமர்ந்திருந்தார் அந்த மருத்துவர்.