புதைபடிவம் தேடிய மேரி ஆனிங்



சுறாப் பல், டைனோசர் எலும்பு என்றால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆர்வமா? மேரி ஆனிங்கைப் பற்றிச் சொல்லுங்கள்.

1799-ல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் பிறந்தார். தச்சரான தந்தை 1810-ல் கடனை வைத்துவிட்டு இறந்தார். பாறைச் சரிவில் புதைபடிவம் பொறுக்கி விற்றே குடும்பம் பிழைத்தது. 1811-ல் அண்ணன் இக்தியோசாரின் தலையைக் கண்டார். மறு ஆண்டு உடலை மேரி கண்டெடுத்தார். 1823-ல் முழு பிளீசியோசார் எலும்புக்கூடு கிடைத்தது. 1833-ல் மண் சரிந்து அவருடைய நாய் ட்ரே மடிந்தது, இவர் தப்பினார்.

விலைக்கு வாங்கியவர்கள் பெயர் பெற்றார்கள். பெண் என்பதால் லண்டன் நிலவியல் சங்கம் இவரை உறுப்பினராக்கவில்லை. 1847-ல், 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் காலமானார்.

வங்கியில் வரவு யார் கணக்கில் என்று பார்த்தே பழகியவன் நான். பிள்ளைகள் சேகரிக்கும் கல்லோடு, கண்டெடுத்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.