நண்பன் தீட்டிய படம்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. கடலுக்கு அப்பால், பாரிஸ் நகரத்தில், இரண்டு வாலிபர்கள் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இருவரும் ஓவியர்கள். ஒருவர் பெயர் ரெனுவார். மற்றவர் பெயர் பஸீய்.

பஸீய் 1841-ம் ஆண்டு தென் பிரான்சில் மொம்பெலியே நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம். வைத்தியம் படிக்க 1862-ல் பாரிஸ் வந்தார். ஆனால் மனம் ஓவியத்தில்தான் இருந்தது. 1864-ல் வைத்தியப் பரீட்சையில் தோற்றார். அதன்பின் தூரிகையே கதி என்று ஆகிவிட்டார்.

ரெனுவார் ஏழைத் தையற்காரரின் மகன். சிறு வயதிலேயே பீங்கான் பாத்திரங்களுக்குச் சித்திரம் வரைந்து பிழைத்தவர். இன்னொரு நண்பர் மொனே. அவர் கையிலும் காசு இல்லை. இருவருக்கும் பஸீய் தம் அறையில் இடம் கொடுத்தார்.

1867-ல் மொனேயின் 'தோட்டத்தில் பெண்கள்' என்ற ஓவியத்தை அரசாங்கக் கண்காட்சி ஏற்கவில்லை. பஸீய் அதை 2,500 பிராங்குக்கு வாங்கிக்கொண்டார். பணத்தை மாதம் 50 பிராங்கு வீதம் கொடுத்து வந்தார்.

அதே ஆண்டில் ஒரு நாள், செத்த நாரை ஒன்றை முன்னே வைத்துப் பஸீய் வரைந்துகொண்டிருந்தார். ரெனுவார் நாரையைப் பார்க்கவில்லை. நண்பனைப் பார்த்தார். குனிந்து உட்கார்ந்து, கையில் தூரிகையுடன், வேலையில் மூழ்கிய நண்பனை அப்படியே தீட்டிவிட்டார்! பஸீயும் அந்த ஆண்டே ரெனுவாரைத் தீட்டினார்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பஸீய் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். நவம்பர் 28-ந் தேதி, போன்-லா-ரோலாந்து என்ற ஊரில் நடந்த சண்டையில் குண்டு பட்டு இறந்தார். 29 வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன.

தந்தை போர்க்களத்துக்கே போனார். மகனின் உடலைத் தேடி எடுத்து, சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்.

1874-ல் நண்பர்கள் சொந்தமாகக் கண்காட்சி நடத்தினார்கள். 'இம்பிரஷனிஸ்டுகள்' என்ற பெயர் அவர்களுக்கு அப்போதுதான் ஏற்பட்டது. இப்படி ஒரு கண்காட்சி நடத்த முன்பே ஆசைப்பட்டவர் பஸீய். அதைப் பார்க்க அவர் இல்லை.

1876-ல் நடந்த இரண்டாவது கண்காட்சியில் ரெனுவார் தீட்டிய பஸீயின் படம் இடம் பெற்றது. அப்போது அது எதுவார் மனே என்ற மூத்த ஓவியரிடம் இருந்தது. பஸீயின் தந்தை அதை விரும்பினார். பதிலுக்கு, மகன் தவணையில் வாங்கிய 'தோட்டத்தில் பெண்கள்' படத்தைக் கொடுத்தார். எட்டடி உயரப் படத்தைக் கொடுத்து, மூன்றரை அடிப் படத்தை வாங்கிக்கொண்டார்!

பெரிய படம் பின்னர் மொனேயிடமே திரும்பியது. 1921-ல் பிரெஞ்சு அரசு அதை 2 லட்சம் பிராங்குக்கு வாங்கியது. சிறிய படம் பஸீயின் வீட்டிலேயே இருந்தது. 1924-ல் அவர் தம்பியின் உயிலின்படி அதுவும் அரசைச் சேர்ந்தது. அதற்கு யாரும் விலை பேசவில்லை.