கோல் வித்தியாசம்: ஜாக் ஸ்டீனின் கதை

கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் அலெக்ஸ் பெர்குசனைத் தெரியும். மான்செஸ்டர் யுனைடெட்டை 26 வருடம் கட்டி ஆண்ட மனிதர். அந்த பெர்குசனே ஒரு காலத்தில் இன்னொருவருக்கு உதவியாளராக, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டிருந்தார். அந்த இன்னொருவரின் பெயர் ஜாக் ஸ்டீன். ஸ்காட்லாந்துக்காரர். நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

ஸ்காட்லாந்து சின்ன நாடு. மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சத்தைச் சுற்றித்தான். அந்த மாதிரி நாட்டுக்கு உலகக் கோப்பையை ஜெயிப்பதெல்லாம் அப்புறம், முதலில் உள்ளே நுழைய வேண்டும். அந்த நுழைவுத் தேர்வுக்குப் பேர்தான் தகுதிச் சுற்று. அதில் ஒரு கோல், ஒரு புள்ளி என்ன வேலை செய்யும் என்று பார்க்க ஸ்டீனின் வாழ்க்கையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுரங்கத்திலிருந்து

1922 அக்டோபர் 5. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், ஹாமில்டனை ஒட்டிய பர்ன்பேங்க் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அந்த ஊர்ப் பையன்களுக்கு இரண்டே வழி: சுரங்கம் அல்லது கால்பந்து. ஸ்டீன் இரண்டையும் செய்தார். வாரம் முழுக்க பூமிக்கு அடியில் கரி வெட்டுவார், சனிக்கிழமை ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு ஆடுவார். வருடக்கணக்கில் இப்படித்தான் ஓடியது.

1950இல் சுரங்கத்தை விட்டு வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற கிளப்புக்குப் போனார். பெரிய கிளப் எல்லாம் இல்லை. அங்கே இருக்கும்போது ஊரில் அவர் வீட்டில் திருட்டு. திரும்பிப் போய்விடலாம், மறுபடி சுரங்கம்தான் என்ற நிலைமை. அந்த நேரத்தில்தான் செல்டிக் கூப்பிட்டது. முதல் அணியில் ஆட இல்லை, ரிசர்வ் அணிப் பையன்களுக்குத் துணையாக! வயது 29. ஆனால் முதல் அணியில் அடுத்தடுத்து சிலருக்கு அடிபட, இவர் உள்ளே வந்தார். வந்தவர் கேப்டனே ஆகிவிட்டார். 1954இல் லீக், கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் செல்டிக் வாங்கியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கிளாஸ்கோவில் செல்டிக் என்றால் கத்தோலிக்கர் பக்கம், ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டண்ட் பக்கம். ஸ்டீன் புராட்டஸ்டண்ட் குடும்பம். செல்டிக் சட்டையைப் போட்டதற்காகவே பழைய நண்பர்கள் சிலர் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர் அதற்காகக் கட்சி மாறவில்லை.

1955இல் கணுக்காலில் அடி. இரண்டு வருடத்தில் ஆட்டமே முடிந்தது. அதற்கப்புறம் கடைசி வரை கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார்.

லிஸ்பன் வரை

ஆட முடியாதவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1960இல் டன்ஃபர்ம்லின் அணிக்கு மேனேஜர். கீழ் டிவிஷனுக்கு இறங்கவிருந்த அணி அது. அடுத்த வருடமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் செல்டிக்கையே வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. 1963இல் இத்தாலிக்குப் போய், இன்டர் மிலனின் ஹெலெனியோ ஹெரேரா எப்படிப் பயிற்சி கொடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். இதை மறந்துடாதீங்க.

1965இல் செல்டிக்கின் மேனேஜர். கத்தோலிக்கர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு வரிசையாக ஒன்பது லீக் பட்டங்கள். 1967 மே 25, லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. எதிரில் யார்? அதே ஹெரேராவின் இன்டர் மிலன். செல்டிக் 2-1 என்று ஜெயித்தது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப். அந்தப் பதினோரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்கள். கோடிகள் கொட்டி வாங்கிய வெளிநாட்டு ஸ்டார் ஒருத்தர்கூட இல்லை.

இதோடு கதையை நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் ஸ்டீனுக்கு ஒரு பாக்கி இருந்தது.

பாக்கி

1965இல் செல்டிக் வேலையோடு சேர்த்து ஸ்காட்லாந்து தேசிய அணியையும் தற்காலிகமாக அவரிடம் கொடுத்தார்கள். 1966 உலகக் கோப்பை எங்கே? பக்கத்து வீடான இங்கிலாந்தில். அதற்குப் போகாமல் இருக்க முடியுமா? குழுவில் இத்தாலி, போலந்து, பின்லாந்து. சொந்த மைதானத்தில் போலந்தோடு 1-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். பிறகு இத்தாலியை 1-0 என்று வென்றார்கள். கடைசி ஆட்டம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில். முக்கிய வீரர்கள் பலர் இல்லை. 3-0 தோல்வி. உலகக் கோப்பை பக்கத்து வீட்டில் நடந்தது, ஸ்காட்லாந்து ஜன்னல் வழியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவருக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இதயக் கோளாறு. 1975இல் உயிரே போயிருக்க வேண்டிய கார் விபத்து. கிட்டத்தட்ட ஒரு சீசன் முழுக்க ஓய்வு. 1978 அக்டோபரில், வயது 56இல், மறுபடி ஸ்காட்லாந்து மேனேஜர் ஆனார், இந்த முறை முழுநேரமாக.

ஸ்காட்லாந்துக்கு அப்போது ஒரு சாபம் இருந்தது: கோல் வித்தியாசம். 1974 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் வெளியே. 1978இலும் கோல் வித்தியாசத்தில் வெளியே. ஸ்டீன் 1982க்குத் தகுதி வாங்கிக் கொடுத்தார். ஸ்பெயினுக்குப் போனார்கள். நியூசிலாந்தோடு 5-2 வெற்றி, பிரேசிலோடு 4-1 தோல்வி, சோவியத் யூனியனோடு 2-2 டிரா. சோவியத்துக்கும் இவர்களுக்கும் சம புள்ளி. கோல் வித்தியாசத்தில் வெளியே! மூன்றாவது தடவை. கட்-ஆஃபில் அரை மார்க்கில் சீட்டைக் கோட்டை விட்டவர்களுக்கு இந்த வலி புரியும்.

கணக்கு

அடுத்து 1986 மெக்சிகோ உலகக் கோப்பை. குழுவில் ஸ்பெயின், ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஐஸ்லாந்து. முதலிடம் நேராக மெக்சிகோ. இரண்டாம் இடத்துக்கு ஓசியானியாவின் வெற்றியாளரோடு பிளே-ஆஃப். அப்போது ஜெயித்தால் 3 புள்ளி கிடையாது, 2 தான். டிராவுக்கு 1.

ஸ்காட்லாந்து ஐஸ்லாந்தை 3-0, ஸ்பெயினை 3-1 என்று வென்று அட்டகாசமாக ஆரம்பித்தது. பிறகு சறுக்கல். ஸ்பெயினில் 0-1. சொந்த மண்ணில் வேல்ஸிடம் 0-1, இயன் ரஷ் அடித்த கோல். அடுத்து ஐஸ்லாந்துக்குப் போய் ஆட வேண்டும். அன்று ஐஸ்லாந்தின் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஏமாளி அணி இல்லை. குழுவின் முதல் ஆட்டத்தில் வேல்ஸையே 1-0 என்று தோற்கடித்த அணி. ஸ்காட்லாந்தும் அங்கே திணறியது. ஆட்டம் முடிகிற தறுவாயில், 86ஆவது நிமிடத்தில் ஜிம் பெட் ஒரு கோல் அடித்தார். 1-0. அந்த கோலை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆளுக்கு ஐந்து ஆட்டம் முடிந்தபோது நிலைமை இதுதான்: ஸ்பெயின் 6 புள்ளி, ஸ்காட்லாந்து 6 புள்ளி, வேல்ஸ் 6 புள்ளி. ஸ்பெயினுக்கு மீதி இருந்தது சொந்த ஊரில் ஐஸ்லாந்தோடு. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் மீதி இருந்தது ஒருவரோடு ஒருவர். கோல் வித்தியாசம்? ஸ்காட்லாந்துக்கு கூட்டல் 4, வேல்ஸுக்கு கூட்டல் 1. டிரா ஆனால் போதும், ஸ்காட்லாந்து பிளே-ஆஃப் போகும். தோற்றால் வீட்டுக்கு. வாழ்நாள் முழுக்கக் கழுத்தை அறுத்த கோல் வித்தியாசம் முதல் தடவையாக இவர்கள் பக்கம் நின்றது.

1985 செப்டம்பர் 10

இடம், வேல்ஸின் தலைநகர் கார்டிஃப், நினியன் பார்க் மைதானம். கேப்டன் சூனஸ் தடையால் ஆட முடியாது. டால்கிலிஷ் காயத்தால் இல்லை. ஸ்டீனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் பெர்குசன். 13ஆவது நிமிடத்தில் மார்க் ஹியூஸ் கோல். வேல்ஸ் 1-0.

இடைவேளையில் இன்னொரு குண்டு. கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டன் கான்டாக்ட் லென்ஸ் தொலைந்துவிட்டது என்றார். மாற்று லென்ஸும் இல்லை. அவர் லென்ஸ் போடுகிறார் என்பதே ஸ்டீனுக்குத் தெரியாது. அபர்டீன் கிளப்பில் அவருக்கு மேனேஜராக இருந்த பெர்குசனுக்கும் தெரியாது! ஸ்டீன் கத்திக்கொண்டிருக்கவில்லை. ஆலன் ரஃபை இறக்கினார். இரண்டாம் பாதியில் ஸ்ட்ராக்கனை எடுத்துவிட்டு டேவி கூப்பரை உள்ளே விட்டார். கூப்பர் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர். ஆனால் ஸ்டீனின் ஊரான ஹாமில்டனில் பிறந்தவர்.

81ஆவது நிமிடம். வேல்ஸ் வீரர் கையில் பந்து பட்டது என்று நடுவர் பெனால்டி கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது என்று வேல்ஸ்காரர்கள் இன்றும் சண்டை போடுவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூப்பர் தரையோடு அடித்தார். சவுத்தால் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து உள்ளே. 1-1.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நடுவர் விசில் அடித்தார். அது ஃப்ரீ கிக்குக்கான விசில். முடிந்துவிட்டது என்று நினைத்து, வேல்ஸ் மேனேஜரிடம் கைகுலுக்க ஸ்டீன் எழுந்தார். தடுமாறினார். சரிந்தார். பிடித்து உள்ளே மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது. 63 வயதுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

வெளியே ஜெயித்த மாதிரி கொண்டாடிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து ரசிகர்கள் செய்தி வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் வீரர்கள் அழுதார்கள். ஒரு காலத்தில் பிழைப்புக்காக அவர் வந்த அதே வேல்ஸில்தான் முடிவும்.

பிறகு

இப்போது அந்த ஜிம் பெட் கோலுக்கு வருவோம். அது இல்லையென்றால் ஸ்காட்லாந்துக்கு 5 புள்ளிதான். கார்டிஃப்பில் டிரா செய்தாலும் 6. வேல்ஸ் 7 என்று முந்தியிருக்கும். அதே மாதிரி, குழுவின் முதல் ஆட்டத்தில் வேல்ஸ் ஐஸ்லாந்தோடு டிரா செய்திருந்தால்கூட ஸ்காட்லாந்தைத் தாண்டியிருக்கும். அன்று அந்த ஒரு புள்ளியை யார் பெரிசா நினைச்சிருப்பாங்க?

ஸ்பெயின் ஐஸ்லாந்தை வென்று முதலிடம் போனது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 7 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஸ்காட்லாந்து இரண்டாவது. பிளே-ஆஃபில் ஆஸ்திரேலியாவை கிளாஸ்கோவில் 2-0 என்று வென்று, மெல்பர்னில் 0-0 டிரா செய்து மெக்சிகோ போனார்கள். முதல் கோல் அடித்தது மறுபடி கூப்பர்தான். கூட்டிப்போனது பெர்குசன். மெக்சிகோவில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. பரவாயில்லை, சின்ன நாடுகளின் கதை பெரும்பாலும் அப்படித்தான். 1986 நவம்பரில் பெர்குசன் மான்செஸ்டருக்குப் போனார். மீதி உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. இதயத்துக்காக எடுத்துக்கொண்டிருந்த மருந்தை அந்த ஆட்டத்துக்கு முன்பு ஸ்டீன் நிறுத்தி வைத்திருந்தார் என்று பிற்பாடு எழுதினார்கள். அதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆட்டத்துக்கு அப்புறமும் அவர் இருந்திருக்க வேண்டும், மெக்சிகோவில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: இந்த ஆட்டம்தானே, இந்தப் புள்ளிதானே என்று எதையும் அலட்சியமாக விடாத குணம். அதை எடுத்துக்கோங்க. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க.