எழுத்தோடு விளையாடிய கணித ஆசிரியர்

மெய்ம்மயக்கம் கற்பித்துக்கொண்டிருந்த வேளையில், குறித்த சில எழுத்துக்கள் அடங்கிய ஆங்கிலச் சொற்களைத் தேடி எழுதிய மாணாக்கன் ஒருவனின் தாளை ஒருமுறை கிழித்தெறிந்தேன். லூயிஸ் கரோலின் வரலாற்றைக் கற்றபின் அச்செயலுக்கு நாணினேன்.

அவர்தம் இயற்பெயர் சாள்ஸ் டொட்சன். 1832ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஷயர்ப் பகுதியில் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். திக்குவாய் அவரை இளமை முதலே வருத்திற்று. ஒக்ஸ்போட்டிலுள்ள கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் 1881 வரை கால் நூற்றாண்டுக் காலம் கணிதம் கற்பித்தார். 1865இல் வெளிவந்த அலிஸ் கதை அவரை உலகறியச் செய்தது.

பேச்சில் இடறிய அவர் எழுத்துக்களோடு இனிது விளையாடினார். 1877ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், பொழுதுபோகாதிருந்த சிறுமியர் இருவருக்காக, ஒவ்வோரெழுத்தாக மாற்றி ஒரு சொல்லை வேறொரு சொல்லாக்கும் ஆட்டத்தை வகுத்தார். பின்னர் மற்றோர் ஆட்டமும் கண்டார். இளமையில் தம் குடும்பத்தார்க்கென நடத்திய கையெழுத்து ஏட்டின் பெயராகிய மிஷ்மாஷ் என்பதையே அதற்கு இட்டார். ஒருவர் சில எழுத்துக்களைக் கூறுவார். அவை அம்முறையே அடுத்தடுத்து அமைந்த சொல்லை மற்றவர் கண்டறிதல் வேண்டும். ஜீ, பீ என்றால் மக்பை என்னும் பறவை விடையாகும். ஈ, எம், ஓ என்றால் லெமன், அஃதாவது எலுமிச்சை. ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் செல்லா.

அருகருகே நில்லா எனத் தோன்றும் எழுத்துக்களும் எங்கோ ஒரு சொல்லில் கூடியிருத்தலை இவ்வாட்டம் காட்டும். எந்த மெய்யின்பின் எந்த மெய் வரும் என்று தொல்காப்பியர் ஆராய்ந்ததும் இத்துறையே. அன்று என் மாணாக்கனும் வேறொரு மொழியில் மெய்ம்மயக்கமே பயின்றான்.

கரோல் 1898இல் மறைந்தார். இப்பொழுது நான் அவ்வியலை அவர்தம் ஆட்டத்தோடுதான் தொடங்குகிறேன்.